தறிச் சத்தம் நிற்கும்வரை

டம்ளரிலிருந்து ஆவி பறந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்த ஹேமாவதிக்குச் சுடவில்லை. உள்ளங்கை மட்டும் சிவந்துபோயிருந்தது.

தோள்வலிக்காகத்தான் போனாள். பதினோரு வருடம் விசைத்தறியில் நின்ற தோள். ஊசிக்கும் மாத்திரைக்கும் மசியாத வலியை, திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் மனவசிய சிகிச்சை செய்யும் அருண்பாண்டியன் மூன்றே தடவையில் அடக்கிவிட்டார். கண்ணை மூடச் சொன்னார். நாள் முழுக்கக் கேட்கும் சத்தம் ஒன்றைச் சொல்லச் சொன்னார். அது காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை வலி தெரியாது என்றார்.

"தறி சத்தம்தாங்க," என்றாள். நெசவுக்காரத் தெருவில் வேறென்ன கேட்கும்?

வலி போனது. கூடவே அடுப்புச் சூடு போனது, பசி போனது. மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் துணி உரசுவதுபோல இருந்தது. அதை நினைத்து அழ வேண்டும் என்று தோன்றும். அழுகை வராது.

இன்று ஆடிக் கிருத்திகை. கணவன் நாகேந்திரன் காவடியோடு மலைக்குப் போயிருந்தான். ஐந்து வயது தேவயானி காய்ச்சலில் கிடந்ததால் இவள் வீட்டில் தங்கிவிட்டாள். மூடிய ஜன்னலின் இடுக்கில் மதிய வெயில் கோடாக விழ, அறை முழுக்க மருந்து நெடியும் ஆறிப்போன கஞ்சி வாடையும் தேங்கி நிற்க, தறிச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

நாகேந்திரன் போனில் கூப்பிட்டான்.

"பாப்பாக்கு எப்டி கீது?"

"காலையிலேர்ந்து தொட்டுப் பாத்துகினேதான் கீறேன். சூடே இல்ல. தூங்குறா."

"தெருவுல யாருனா கீறாங்களா?"

"தறி ஓடிகினுதான கீது."

"எந்தத் தறி? கிருத்திகைக்கு எவன் ஓட்டுவான்? நேத்தே எல்லாரும் நிறுத்திட்டோமே."

வாசலுக்குப் போனாள். வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. அங்கே சத்தம் குறைந்தது. திரும்பி உள்ளே வர வரக் கூடியது.

தறிக்கூடம் இல்லை. சமையலறை இல்லை.

கட்டில்.

மகளின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, குனிந்து மார்பில் காதை வைத்தாள். டடக். டடக். இங்கேதான். ஒவ்வொரு அடிக்கும் நடுவே இடைவெளி நீண்டது.

"நிக்காத கண்ணு," என்றாள்.

டடக்.

நின்றது.

வலி முதலில் தோளுக்கு வந்தது. பிறகு முழங்கைக்கு. மணிக்கட்டுக்கு. கடைசியாக, விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியது.

நெற்றி ஜில்லென்று, எப்போதோ விறைத்துப்போய் இருந்தது.