மயில் இருந்த இடத்தில்

கையிலிருந்த பிரஷ்ஷைச் சாக்கடையில் வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று சுலைகாவுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. காரைக்குடியில் அவளுடைய தெருக்கோடியில் ஒரு சமுதாயக்கூடம் இருக்கிறது. அதன் நீளமான சுற்றுச்சுவரில் படம் வரைய மூன்று பேர் வந்திருந்தார்கள். மூன்று பேரும் வரையவில்லை.

மருதுபாண்டி முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மணல் குவியலில் படுத்திருந்தான். ஈஸ்வரி பிரஷ்ஷை நீலப் பெயிண்டில் முக்கி எடுத்தவள், எடுத்தபடியே நின்றாள். பெயிண்ட் அவள் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. சுறுசுறுப்பாக இருந்தவன் உதயகுமார் மட்டும்தான்.

"சுலைகா, பிஸ்கட் எப்பக் குடுப்பாக?"

"வரைஞ்சு முடிச்சதும்."

"வரையாதவுகளுக்கு?"

சுலைகா பல்லைக் கடித்தாள்.

அது சந்திரலேகா அக்கா நடத்தும் ஓவிய வகுப்பு. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளுக்கும், வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் பிள்ளைகளுக்குமாக ஒரு தொண்டு நிறுவனம் அக்காவை அனுப்பியிருந்தது. மருதுபாண்டி, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பள்ளியை விட்டவன். அப்பா தேறி வேலைக்குத் திரும்பிவிட்டார். மருதுதான் பள்ளிக்குத் திரும்பவில்லை. ஈஸ்வரியின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். சித்தி வீட்டில் இருந்த ஈஸ்வரி யாரோடும் பேசுவதில்லை. உதயகுமார் தனக்குத் தோன்றிய நாளில் மட்டும் பள்ளிக்குப் போவான்.

சுலைகா ஆறாம் வகுப்பு. ஒருநாள்கூடப் பள்ளிக்கு மட்டம் போடாதவள். ஓவியப் போட்டிக்குப் போனால் பரிசோடுதான் வருவாள். அதனால்தான் அக்கா அவளை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்.

"அக்கா, இவுக யாருமே வரைய மாட்டேங்குறாக" என்றாள் சுலைகா.

"வரைவாங்க. கொஞ்சம் பொறு."

சுலைகாவால் பொறுக்க முடியவில்லை. சும்மா கிடக்கும் சுவரைப் பார்த்தால் அவள் கை அரிக்கும். சாக்பீஸை எடுத்தாள். ஒரு மூலையில் சூரியன். அதன் கீழே பெரிய வீடு. வீட்டுக்கு முன்னால், பை மாட்டிக்கொண்டு சிரித்தபடி பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். நடுவில் தோகை விரித்த மயில். இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் வரைந்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப ரொம்ப ஈஸி. நான் கோடு போட்டுட்டேன். நீங்க கோட்டுக்குள்ள கலர் அடிச்சாப் போதும்."

மருதுபாண்டி எழுந்தான். கைக்குக் கிடைத்த டப்பாவைத் திறந்தான். சூரியனுக்குப் பச்சை அடித்தான்.

"ஏய், சூரியன் பச்சையாவா இருக்கும்?"

"கோட்டுக்குள்ளதானே அடிச்சேன்?"

அதற்குள் உதயகுமார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் மீசை வைத்திருந்தான். பெண்பிள்ளைகளையும் அவன் விடவில்லை. சுலைகா அவன் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கினாள். ஈஸ்வரி இன்னும் அதே இடத்தில் நின்றாள். அவளுடைய ஒரு செருப்பு முழுக்க நீலமாகிவிட்டது.

"ஒன் சுவரு. நீயே அடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு மருதுபாண்டி நடையைக் கட்டினான்.

சுலைகா அடித்தாள். அடுத்தடுத்த வாரங்களும் அவள்தான் அடித்தாள். மயில் தோகையின் ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று நிறம் கொடுத்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்து, "அடேயப்பா, உசிரோட நிக்கிற மாதிரியில்ல இருக்கு" என்றார்கள். சுலைகாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் வகுப்புக்கு யாரும் வரவில்லை. பிஸ்கட்டுக்காக வந்த உதயகுமார்கூட நின்றுவிட்டான்.

"அடுத்த வாரமும் யாரும் வரலைன்னா, எங்க நிறுவனத்துல இந்த வகுப்பை மூடிட்டு என்னைத் தேவகோட்டைக்கு அனுப்பப் போறாங்களாம்" என்றார் சந்திரலேகா அக்கா.

"சுவரு எம்புட்டு அழகா இருக்கு, அதக் காட்டுங்க அக்கா."

"அவங்க கேக்குறது சுவரை இல்லையே, பிள்ளைங்களைத்தானே, சுலைகா."

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். அதுதான் சுலைகாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அவள் நேரே மருதுபாண்டி வீட்டுக்குப் போனாள். அவன் வாசல் படியில் உட்கார்ந்து அறுந்த செருப்பு வாருக்கு ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் வர்றதில்ல?"

"வந்து?"

"வந்து வரையிறது."

"எங்க வரையிறது? சுவருல எடம் எங்க இருக்கு?"

சுலைகா யோசித்தாள். "கடைசியில, குழாய்கிட்ட ஒரு சாண் எடம் இருக்கு. ஒரு செடி வரையலாம்."

மருதுபாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தான். "அதுல இருக்குற பிள்ளைக எல்லாம் பள்ளிக்கூடம் போகுதுக. நான் போகல. அப்ப நான் எங்குட்டு நிக்க? செடிக்குப் பின்னாடியா?"

சுலைகாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"ஒன்கிட்ட மனுசி பேசுவாளா?" என்று கத்திவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

நடந்தவள் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். அவன் சொன்னது தப்பு என்று நிரூபிக்க இடம் தேடினாள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனாள், திரும்பி வந்தாள். எங்கும் அவளுடைய கோடுதான். அவளுடைய நிறம்தான். ஒரு பிரஷ்ஷை வைக்க இடமில்லை.

அடுத்த ஞாயிறு, அக்கா வந்ததும் சுலைகா கேட்டாள்.

"வெள்ளைப் பெயிண்ட் எம்புட்டு இருக்கு அக்கா?"

"ஒரு வாளி இருக்கு. எதுக்கு?"

"மயில அழிக்கணும்."

அக்கா சுவரைத் திரும்பிப் பார்த்தார். "மயிலையா? அந்தத் தோகைக்கு நீ எவ்வளவு கஷ்டப்பட்டே?"

"அத மட்டும் ஞாபகப்படுத்தாதீக அக்கா" என்றாள் சுலைகா.

பெயிண்ட் அடிக்கும் உருளையை வெள்ளையில் தோய்த்து முதல் இழுப்பு இழுத்தாள். மயிலின் கழுத்து காணாமல் போனது. அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போன உதயகுமார் அதைப் பார்த்துவிட்டான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, "சுலைகா மயில அழிக்குது" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனான். எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மருதுபாண்டியும் வந்தான். ஈஸ்வரியும் வந்து ஓரமாக நின்றாள்.

"ஏன் அழிக்கிற? நல்லாத்தானே இருந்துச்சு" என்றான் மருதுபாண்டி.

"அத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? இப்ப வந்து சொல்ற?" சுலைகாவுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "இந்தா, எடம். இங்க நான் கோடு போட மாட்டேன். ஒன்னும் சொல்லவும் மாட்டேன். வரைங்க."

யாரும் வரையவில்லை. மருதுபாண்டி தலையைச் சொறிந்தான். உதயகுமார் பிஸ்கட் பொட்டலத்தைத் தேடினான். சுலைகாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. உள்ளங்கையில் நகம் பதியக் கையை மூடிக்கொண்டு நின்றாள்.

அப்போது ஈஸ்வரி முன்னால் வந்தாள். சிவப்புப் பெயிண்டில் பிரஷ்ஷை முக்கினாள். வெள்ளையில் ஒரு பெரிய கட்டம் போட்டாள். அதற்குள் சின்னச் சின்னக் கட்டங்கள். கீழே இரண்டு வட்டம்.

"பஸ்ஸு" என்றான் உதயகுமார்.

ஈஸ்வரி முதல் ஜன்னலில் ஒரு முகம் வரைந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு.

"யாரு அது?" என்று மருதுபாண்டி மெதுவாகக் கேட்டான்.

"எங்க அம்மா. தீபாவளிக்கு வர்றாக."

ஈஸ்வரி பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. அக்கா கையிலிருந்த டப்பாவைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

மருதுபாண்டி பஸ்ஸை ஒரு சுற்றுப் பார்த்தான். "படிக்கட்டு இல்லாம உங்கம்மா எப்படி எறங்குவாக?" என்று படிக்கட்டு வரைந்தான். படியில் தொங்கிக்கொண்டு நிற்கும் ஒருவனையும் வரைந்தான். தொங்குகிறவன் சட்டைக்கு மஞ்சள் அடித்தான்; மருது அன்றைக்குப் போட்டிருந்ததும் மஞ்சள் சட்டைதான். உதயகுமார் டிரைவர் சீட்டைப் பிடித்துக்கொண்டான். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள், "என்னைய விட்டுட்டுப் போறீகளே" என்று சண்டைக்கு வந்தார்கள். பஸ்ஸை நீட்ட வேண்டியதாயிற்று. அது சுலைகா வரைந்த வீட்டுக்குள் பாதியும், மீசை வைத்த பிள்ளைகள் மேல் மீதியுமாக நீண்டது.

கோணல் பஸ். ஜன்னல்கள் எல்லாம் ஒவ்வொரு அளவில் இருந்தன. சுலைகாவுக்குக் கை துறுதுறுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகத்தான் வந்தாள். போன வாரம் வேடிக்கைக்கு வந்தவர்கள் இந்த வாரம் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். சுவருக்கு முன்னால் பிள்ளைகள் நீள வரிசையில் நின்றார்கள். மருதுபாண்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"இதுதான் வர்ற நேரமா? டப்பாவத் தொறக்குற ஸ்க்ரூ டிரைவர் ஒன்கிட்டல்ல இருக்கு? நாங்க எம்புட்டு நேரந்தான் நிக்கிறது?"

"சரிதான், கத்தாத" என்றாள் சுலைகா. ஸ்க்ரூ டிரைவரை அவனிடமே கொடுத்துவிட்டு, ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் தனக்கும் ஒரு ஜன்னல் வேண்டி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.