மேட்டில் நான்கு நிமிடம்

மூச்சு முட்டிச் செத்தவரின் கண்களை யாரோ மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். கொன்ற கைக்கு இவர்மேல் பாசமும் இருந்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தலையணையை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னாள்.

செத்தவர் டாக்டர். மேட்டின் உச்சியில் வீடு, அடிவாரத்தில் க்ளினிக். மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டுச் சாவி நர்ஸிடமும் மகனிடமும் இருந்தது. க்ளினிக்கை விற்கப்போவதாக டாக்டர் சொன்ன வாரம் அது. அதன் வரவேற்பறை அலமாரி நிறைய மகன் ஜெயித்த சைக்கிள் பந்தயக் கோப்பைகள்.

மாலை 6.10. மழைக்கோட்டு போட்ட ஓர் உருவம் க்ளினிக்கின் பேட்டரி சைக்கிளில் மேட்டுச் சாலையின் அடிவாரக் கேமராவைக் கடந்தது. 6.14க்கு உச்சியில் இருந்த கேமராவை. தினமும் அந்த சைக்கிளில் ஏறிப்போய் டாக்டருக்கு ஊசி போடுபவள் நர்ஸ். ஆறு மணிக்கே நடந்து வீட்டுக்குப் போய்விட்டேன் என்றாள். பார்த்தவர் இல்லை. அவளைப் பிடித்து ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டார்கள்.

க்ளினிக்கின் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்ததாக மகன் சொன்னான். நர்ஸுக்கு இளைப்பு நோய் ஆயிற்றே, நான்கு நிமிடத்தில் எப்படி ஏறியிருப்பாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"மோட்டார்தானே இழுக்குது மேடம். யார் உட்கார்ந்தாலும் ஒரே வேகம்தான்."

இன்ஸ்பெக்டரே அந்த சைக்கிளில் ஏறிப் பார்த்தாள். மோட்டாரை உச்சத்தில் வைத்தும், மெல்ல மிதித்தால் மெல்லத்தான் இழுத்தது. பாதி மேட்டில் நாக்குத் தள்ளிவிட்டது. ஒன்பது நிமிடம். பழைய கேமராப் பதிவுகளில் நர்ஸ் ஒருநாளும் பத்துக்குக் குறைந்து ஏறியதில்லை.

மறுநாள் மகனையே ஓட்டிக் காட்டச் சொன்னாள். சிரித்துக்கொண்டே ஏறினான். நான்கு நிமிடம். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"பாத்தீங்களா?"

"பாத்தேன் தம்பி. நீங்கதான்."

கால் கொடுப்பதைத்தான் மோட்டார் பெருக்கும், பலவீனமான காலுக்கு அது தரும் உச்சமும் குறைவுதான் என்று விளக்கினாள். பலசாலி தன் பலத்தைக்கூட மெஷின் கணக்கில் எழுதிவிடுகிறான். எல்லாருக்கும் மேடு இப்படித்தான் என்று நம்புகிறான்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். விற்காதீங்கன்னு அப்பா கால்ல விழுந்தேன் என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலம் டாக்டரின் மனைவி ஸ்டேஷனுக்கு வந்தாள்.

"புருஷனைப் பறிகொடுத்துட்டேன். புள்ளையும் போகணுமா? மெஷின்தான் வேகமாப் போச்சுன்னு எழுதிடும்மா. அந்த நர்ஸுக்குன்னு அழ யாரும் இல்ல."

இன்ஸ்பெக்டருக்கு அந்தத் தாயின்மேல் கோபம் வரவில்லை. அதுதான் கசந்தது. எழுந்து, அவள் பக்கமாக மின்விசிறியைத் திருப்பி வைத்தாள்.

"அழ ஆள் இல்லாதவளா பாத்துப் பலி கொடுக்க என்னால முடியாதும்மா."