முப்பது குதிரைப் பழி

"ஐயோ... நான்தான் இவனைச் சாக்காட்டினனான்!"

லா ஷப்பல் மெட்ரோப் பாலத்தின் தூணில் மோதி, அப்பளமாக நொறுங்கிக் கிடந்த கார் முன்னால் நின்று அலறினான் ஐங்கரன்.

உள்ளே லூடோவிக். பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பையன். உயிர் இல்லை!

பியர்ஃபித் புறநகரில் கார் திருத்தும் கராஜ் வைத்திருப்பவன் ஐங்கரன். காரின் குதிரைசக்தியைக் கூட்டித் தருவதில் மன்னன் என்று லா ஷப்பல் பையன்களிடம் பெயர். போன வாரம் லூடோவிக்கின் காரிலும் கை வைத்திருந்தான்.

பிரெஞ்சுப் பொலிஸில் அதிகாரியாக இருக்கும் தமிழ்ப்பெண் தாட்சாயினி அவனை ஓரமாக இழுத்தாள்.

"என்ன அண்ணை சொல்லுறியள்?"

"முப்பது குதிரை கூட்டிக் குடுத்தனான் தங்கச்சி! அந்த வேகத்திலைதான் பெடியன் செத்தவன். என்னைப் பிடியுங்கோ!"

இரண்டு தாள்களை நீட்டினான். குதிரைசக்தி அளக்கும் மெஷினில் காரை ஏற்றி எடுத்தவை. முன்பு நூற்றைம்பது. பின்பு நூற்றெண்பது!

தாட்சாயினியின் புருஷன் ஒரு கார்ப் பைத்தியம். வீட்டில் சோற்றோடு குதிரைசக்தியும் பரிமாறப்படும். பார்த்ததுமே புரிந்தது.

"முதல் தாள் வேற கராஜிலை எடுத்ததோ?"

"ஓம்..."

"இது கார்ச் சில்லு சுத்திறதை வைச்சு அளந்தது. உங்கட தாள் எஞ்சினுக்குப் போட்ட கணக்கு. எஞ்சினிலையிருந்து சில்லுக்கு வாறதுக்குள்ளை கியர்பொக்ஸ் கொஞ்சத்தைத் தின்னுமெல்லே? ரெண்டையும் பக்கத்திலை வைச்சா கூடினமாதிரித்தான் தெரியும்!"

"தங்கச்சி..."

"ஒரு குதிரையும் கூடேல்லை அண்ணை! மழைக்கு வழுக்கியிருக்கு. உங்களிலை பிழையில்லை. அழாமல் வீட்டை போங்கோ."

அந்த இரக்கம்தான் அவனைக் கொன்றது. சின்னக் குற்றத்துக்காவது தண்டனை கிடைத்தால் மனசு ஆறும் என்று ஓடி வந்தவன். அதுவும் இல்லையாம்!

"அதைத்தான்... அவனும் கண்டுபிடிச்சவன்!"

"எதை?"

"பழைய கராஜிலையே திரும்ப ஏத்திப் பாத்திருக்கிறான். அதே நூற்றைம்பது! நான் கள்ளன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுவன் எண்டான். சரியாக்கித் தாறன் எண்டு நேற்று காரை வாங்கினன்..."

"வாங்கி?"



"பிரேக் குழாயைத் தளர்த்தி விட்டுட்டன்!"

தாட்சாயினி காரடியில் கழன்று கிடந்த குழாயைத் திரும்பிப் பார்த்தாள். மோதியதில்தான் குழாய் கழன்றது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவளும்தான்!

விலங்கை எடுத்து அவன் கையில் மாட்டினாள்.

"காரை வேகமா ஓட வைக்கத் தெரியேல்லை... நிக்காமல் பண்ண மட்டும் தெரிஞ்சிருக்கு! நல்ல மெக்கானிக் அண்ணை நீங்கள்!"