ஏழாவது ரொட்டி

போன் அலறியது.

கஜகஸ்தானின் கராகந்தா நகரில் ஸ்கூல் வேன் ஓட்டும் அக்மரால் எடுத்தாள்.

"டிராஃபிக் போலீஸ். செவ்வாய்க்கிழமை ஒரு காரை இடிச்சுட்டு ஓடிட்டீங்களாமே?"

"ஓடினேனா...? நானா சார்?"

"கிளம்பி வாங்க!"

ஸ்டேஷனில் சபீர்ஷான் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை!

அக்மரால் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். அன்று அவளுடைய வேன் பனிக்கட்டியில் வழுக்கி, அவர் காரின் பின்பக்கத்தில் முட்டியது. ஒரு நசுங்கல். அவ்வளவுதான்.

"அண்ணே! போலீஸெல்லாம் வேணாம், போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸுக்கு அனுப்பிட்டாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இந்தம்மாவோட நான் பேசினதே இல்ல சார். இடிச்சாங்க... பறந்தாங்க! நம்பர் பிளேட் மட்டும்தான் கண்ல பட்டுச்சு."

இன்ஸ்பெக்டர் ஒரால்பெக் அவளைப் பார்த்தார். "போட்டோ எங்கேம்மா?"

"மைனஸ் முப்பத்தஞ்சு சார் அன்னிக்கு! என் போன் குளிர்ல செத்துப்போச்சு. இவர் போன்லதான் எடுத்தார். 'நானே அனுப்பிடறேன் தங்கச்சி, நீ கிளம்பு'ன்னார்..."

"நீங்களும் கிளம்பிட்டீங்க. நல்லாயிருக்கு! சாட்சி?"

"இவர் சம்சாரம் கார்லதான் இருந்தாங்க! என் பிளாஸ்க்லேர்ந்து டீ கூட குடிச்சாங்க!"

"நான் தனியாத்தான் வந்தேன் சார்..." சபீர்ஷான் முனகினார். "ஐயோ... கழுத்து!"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"போலீஸ் இல்லாம முடிச்சா இன்ஷூரன்ஸ்ல நசுங்கின தகரத்துக்கு மட்டும்தாம்மா கொடுப்பாங்க. கழுத்துக்கும் வேணும்னா கேஸ் வேணும். கேஸ் வந்தா, ஓடிப்போனவங்க லைசென்ஸ் காலி!"

"லைசென்ஸ் போனா வேன் போயிடும் சார்... எனக்கு வேற வேலை தெரியாது சார்..."

"உங்க பக்கம் வெறும் பேச்சு. அவர் பக்கம் கழுத்து. நான் என்ன பண்ண?"

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார்.

அவள் வாங்கினாள். கண்ணீர் பேப்பரில் சொட்டியது.

கதவு தடாலென்று திறந்தது!

முதலில் எண்ணெய் வாசனை வந்தது. பின்னாலேயே, துணி மூடிய தட்டோடு, சபீர்ஷானின் மனைவி கிளாரா!

"இங்கயா இருக்கீங்க? கார் விஷயமா ஸ்டேஷன் போயிருக்கார்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க!"

சபீர்ஷான் விருட்டென்று பின்னால் திரும்பினார்.

"வெளியே போடி!"

"ஏன் கத்தறீங்க? இன்னிக்கு வெள்ளிக்கிழமை! ஆபத்துலேர்ந்து தப்பிச்சுட்டு, நம்ம வழக்கப்படி ஏழு ரொட்டி பொரிச்சுப் பங்கு வைக்காம இருக்கலாமா? நீங்களே சொல்லுங்க சார்... செவ்வாய்க்கிழமை அவ்ளோ பெரிய வேன் முட்டியும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்ல! ஆறு ரொட்டியைத் தெருவுக்குக் கொடுத்துட்டு, கடைசி ஒண்ணை இவருக்குன்னு..."

நிறுத்தினாள். முகம் மலர்ந்தது.

"அடடே, டீ கொடுத்த பொண்ணு! அப்போ இது உனக்குத்தாண்டி!"

கிளாரா துணியை விலக்கி, ரொட்டியை எடுத்து நீட்டினாள்.

அக்மராலின் கையில் சூடான ரொட்டி. இன்ஸ்பெக்டர் அதில் ஒரு துண்டைப் பிய்த்து, நிதானமாக மென்றார்.

"பிரமாதமான ரொட்டிம்மா! வாசனைக்கே உங்க வீட்டுக்காரர் கழுத்து முழுசாத் திரும்பிடுச்சே!"