உரிக்காத காகிதம்

காலை எட்டரை மணி. நாகப்பட்டினம் – திருவாரூர் சாலையில் வயலை ஒட்டியிருந்த பயிற்சிக்கூடத்தில், லேசர் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் கிளமென்ட் செத்துக் கிடந்தார். கம்ப்யூட்டரில் டிசைன் வரைந்து, அதை மெஷினில் வெட்டியெடுக்கச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர். ஆஸ்துமாக்காரர். ஏசி அறை என்பதால் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது.

புகை வெளியேறும் குழாயின் வாயில் வைக்கோல் அடைத்திருந்தது.

"மைனா கூடு கட்டியிருக்கு மேடம். தினமும் குழாயைப் பார்க்கிறது இந்தப் பொண்ணோட வேலை" என்றார் கூடத்தின் பங்குதாரர் ரெத்தினம்.

அந்தப் பொண்ணு மாணவி ஆஷிகா. மூலையில் ஒதுங்கி நின்றாள். அதற்குள் தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது, வாத்தியாரைக் கொன்றவள் என்று. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? வழக்கு விழுந்தால் அதோடு அவள் வாழ்க்கை போச்சு.

இன்ஸ்பெக்டர் குந்தவை அவளைத் தனியே அழைத்து உட்கார வைத்தார்.

"நேத்து என்னம்மா நடந்துச்சு?"

"நான் வரைஞ்ச விளக்குக் கூண்டை வெட்டணும்னு சார் சொன்னாங்க. அலமாரியில மேல இருந்த அக்ரிலிக் ஷீட்டை எடுத்து மெஷின்ல வச்சேன். மஃரிப் தொழுகைக்கு நேரமாச்சு நீ போ, நான் வெட்டி வைக்கிறேன்னாங்க."

"ஷீட் சரியானதுதானா?"

"ரெண்டு பக்கமும் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். உரிக்காமத்தான் வெட்டுவோம், இல்லேன்னா புகைக்கறை படியும். இங்க இருக்கிறது எல்லாமே கண்ணாடி மாதிரி ஷீட்தான் மேடம்."

"குழாய்?"

"போறதுக்கு முன்னாடி பார்த்தேன். சுத்தமா இருந்துச்சு. அல்லா மேல சத்தியம்!"

"சாருக்கு யாரோடயாவது சண்டை?"

"சார் வரைஞ்ச விதைக்கிற கருவிக்கு ரெத்தினம் சார் தன் பேர்ல பரிசு வாங்கிட்டாங்க. அதுல சண்டை."

மேசையில் கிடந்த கத்தியைக் குந்தவை எடுத்தார். முழுக்கத் துரு.

"இது பழசா?"

"முந்தாநாள் வாங்கினது!"

"இந்த மெஷின்ல எதை வெட்டக்கூடாது?"

"பிவிசி. முதல் பாடமே அதுதான். விஷவாயு வரும், இரும்பெல்லாம் துரு..." ஆஷிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து ரெத்தினம்.

"கடைசியா எப்ப இங்க இருந்தீங்க?"

"நேத்து மத்தியானம். அப்புறம் திருவிடைமருதூர்ல மாமனார் வீடு."

"இன்னிக்கு உள்ள போனீங்களா?"

"கதவைத் திறந்ததுமே நெடி. வாசல்ல நின்னே போன் பண்ணேன். அந்த வெள்ளை ஷீட்டை வெட்டுறப்ப இவ கூட இருந்திருந்தா மனுஷன் பிழைச்சிருப்பார்."

குந்தவை மெஷினிலிருந்த ஷீட்டை வெளியே எடுத்தார். ஓரமெல்லாம் கரி. காகிதத்தைப் பிடித்து இழுத்தார். நல்ல ஷீட்டில் அது ஒரே இழுப்பில் வந்துவிடும். இது பசை போட்டு ஒட்டியது, துண்டு துண்டாகக் கிழிந்தது. அடியில் பால் வெள்ளை.

"பிவிசி. ரெண்டு பக்கமும் காகிதம், ஓரம் கருகிப் போச்சு. வெட்டினவருக்கே வெள்ளைன்னு தெரியலை. வாசல்ல நின்ன உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது ரெத்தினம்?"

நுணலும் தன் வாயால் கெடும்.

"காகிதத்தை உரிக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பிவிசி மேல காகிதத்தை ஒட்டி, அலமாரியில மேல வச்சீங்க. இவ போனதும் வயல் வழியா வந்து குழாயில வைக்கோலைத் திணிச்சீங்க. பரிசு விவகாரம் வெளிய வந்துடும்னு ஒரு உசிரை எடுத்திருக்கீங்க."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். வாசலில் ஆஷிகாவின் உம்மா மெஹராஜ் பேகம் காத்திருந்தார்.

"நீ போகலாம்மா. உன் மேல தப்பில்லை" என்றார் குந்தவை.

ஆஷிகா எழுந்திருக்கவில்லை.

"ஆனா மேடம், அந்த ஷீட்டை எடுத்து மெஷின்ல வச்சது என் கைதானே?"

குந்தவை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.