எந்த ஊர் அபிமானம்

டாக்குரியா ஸ்டேஷனில் அன்றைக்கு மழையை விடக் குடைகள்தான் அதிகத் தொல்லை கொடுத்தன.

காற்றில் பின்பக்கமாக மடங்கிக்கொண்ட ஒரு பெரிய கறுப்புக் குடை, மதுவந்தியின் கையிலிருந்த ஃபைலை ஒரே தட்டில் கீழே தள்ளியது. பிளாட்பாரம் முழுக்கத் தாள்கள்... ஈரத் தரையில் ஒட்டிக்கொண்டு, எடுக்க எடுக்க வர மாட்டேன் என்றன. குடைக்குச் சொந்தக்காரன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டே குனிந்தான்.

"அக்கா, ஒரு நிமிஷம்... ஒருத்தங்க பேப்பரை எல்லாம் தட்டி விட்டுட்டேன். நீ மாத்திரை போட்டியா? சரி, வைக்கேன்."

தமிழ். திட்டுவதற்கென்று வங்காளியில் தயாராக வைத்திருந்த வாக்கியம் மதுவந்தியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவள் பிறந்தது, படித்தது, டாக்டர் ஆனது எல்லாம் கொல்கத்தாவில்தான். முப்பத்தொரு வயதில் அவளுக்குத் தமிழ் என்பது அம்மாவோடு வீட்டுக்குள் பேசுகிற பாஷை, அவ்வளவுதான். அதை இப்படி வெளியில், அதுவும் மழையில், முன்பின் தெரியாத ஓர் ஆணின் குரலில் கேட்டபோது என்னவோ செய்தது.

"பார்த்து எடுங்க... மழை விழுது," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். தூங்கிப் பல நாளான கண்கள். ஆனாலும் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது.

"எங்க ஊர்ல மழை பெய்யும். இங்க விழுமாக்கும்?"

"உங்க ஊர் எது?"

"தூத்துக்குடி. அங்க அது பெய்யுததே அபூர்வம். அதனால பெய்யுறப்பவாவது சரியா சொல்லிடுவோம்."

வங்காளியில் மழை விழத்தான் செய்யும். அதை அப்படியே தமிழிலும் விழ வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் இத்தனை வருஷமாக... யாரும் சொன்னதில்லை. அவளுக்குக் கன்னம் சுட்டது. கோபம் மட்டும் ஏனோ வரவில்லை.

அவன் ஒரு தாளைத் தட்டி ஈரத்தை உதறிவிட்டுப் படிக்கத் தொடங்கினான். "'கடந்த இரண்டு வாரங்களில் உங்கள் மனம் எப்படி இருந்தது?' இது என்னதுங்க?"

"நான் மனநல டாக்டர். பவானிபூர் ஆஸ்பத்திரியில ஒரு ஆராய்ச்சி நடக்குது... மனச்சோர்வுக்குப் புது மருந்து. வர்றவங்ககிட்ட ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இந்தக் கேள்வியெல்லாம் கேட்டு மார்க் போடுவோம். இங்க இருக்கிற தமிழ்க்காரங்களுக்காக நான்தான் தமிழ்ல எழுதினேன்."

கண்ணோரத்துச் சிரிப்பு காணாமல் போயிற்று.

"எங்க அக்கா..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். ரயில் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. அவளும் ஏறவில்லை.

*

அவன் பெயர் கௌசிக். துறைமுகத்தில் இன்ஜினீயர். மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அக்கா அக்ஷரா, கல்யாணம் முறிந்து தம்பியிடம் வந்து சேர்ந்தவள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் இருட்டும் வரை அங்கேயேதான். தலை வாரிவிடுவதிலிருந்து சோறு பிசைந்து கொடுப்பது வரை எல்லாம் தம்பிதான்.

ஒன்று விட்டு ஒரு புதன்கிழமை இருவரும் பவானிபூருக்கு வந்தார்கள். முதல் இரண்டு தடவை அக்ஷரா வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை அழுதாள்... முக்கால் மணி நேரம். அன்று மதுவந்தி ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அக்ஷரா மருந்து வாங்கப் போகிற பத்து நிமிஷம் மட்டும் கௌசிக்குக் கிடைக்கும்.

"கதவுல மதுவந்தின்னுதானே போட்டிருக்கு? எல்லாரும் ஏன் மொதுபொந்தி, மொதுபொந்திங்காங்க?"

"வங்காளியில 'வ' கிடையாது. 'ப'தான்."

"எங்க ஊர்ல பந்தின்னா இலை போட்டுச் சோறு வைப்பாங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. மெதுவாக, ஓர் எழுத்தும் சேதமாகாமல், "மதுவந்தி..." என்று சொல்லிப் பார்த்தான். அப்பா போன பிறகு அவள் பெயரை முழுதாகச் சொல்ல அம்மா ஒருத்திதான் இருந்தாள். அன்று முழுக்க அந்தக் குரல் காதிலேயே இருந்தது.

ஆராய்ச்சியில் இருப்பவர்களின் வீட்டாரோடு டாக்டருக்கு வேறு எந்த நெருக்கமும் கூடாது. அவளே கையெழுத்துப் போட்ட விதி. ஆராய்ச்சி ஜனவரியில் முடியும். அது வரைக்கும் பத்து நிமிஷப் புதன்கிழமைகள் போதும் என்று மனசை அதட்டி வைத்திருந்தாள். மனசு எங்கே கேட்டது... திங்கட்கிழமையே புதன்கிழமைக்குப் புடவை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டது.

செப்டம்பரில்தான் அது நடந்தது. தெருவெல்லாம் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாளில் ஏழாவது கேள்வி: 'உங்களுக்கு மிகவும் நெருங்கியவர் மேல் அபிமானம் வருகிறதா?'

"தம்பி மேல... ரொம்ப," என்றாள் அக்ஷரா. பேச ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு தடவையும் இதே பதில். மதுவந்தி ஒவ்வொரு தடவையும் நாலுக்கு நாலு போட்டாள். நாலு என்றால் மிக மோசம். இதற்கு மேல் சும்மா இருக்க முடியாது. தம்பியிடம் பேசலாம் என்று அக்ஷரா எழுதிக் கொடுத்தும் இருந்தாள்.

"கௌசிக், அக்ஷராவுக்கு உங்க மேல அபிமானம் குறையவே மாட்டேங்குது."

"ரொம்ப சந்தோஷம்."

"சந்தோஷமா? நான் விளையாடல. அது குறையணும். வீட்டுல நீங்க நடந்துக்கிறதுலதான் ஏதோ இருக்கு. அவங்க உள்ளேயே வச்சு மருகுறாங்க."

அவன் முகம் மாறியது. "நான் என்ன செஞ்சேன்? அவளுக்கு இந்த உலகத்துல மிச்சம் இருக்கிறது என் மேல வச்ச அபிமானம் ஒண்ணுதான். அதையும் குறைக்கச் சொல்லுதீங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கேயோ எதுவோ பிசகியிருந்தது.

"அபிமானம்னா என்னன்னு நினைச்சு எழுதினீங்க, டாக்டர்?"

"மனத்தாங்கல்... நமக்கு வேண்டியவங்க நம்மைக் கவனிக்கலைன்னா உள்ள ஒரு வலி வருமே... சொல்லாம வச்சுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்குவோமே, அது."

"அபிமானம்னா பாசம். பிரியம். அவ்வளவுதான்." அவன் குரல் தாழ்ந்தது. கத்தியிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது. "உங்களுக்குத் தமிழ் தெரியாது டாக்டர். தெரியாத பாஷையில எங்க அக்கா மனசை அளந்திருக்கீங்க."

அவளுக்கும் ரோஷம் வந்தது. "இந்தக் கேள்வித்தாளை முறைப்படி சரிபார்த்தாச்சு. உங்ககிட்ட வந்து தமிழ் கத்துக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்ல."

அவன் எழுந்து போய்விட்டான். குடையை மறந்துவிட்டுப் போனான்.

*

அன்று சாயங்காலம் அம்மா அமலா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அபிமானம்னா என்ன?"

"என்னடி கேள்வி இது? கோவம் மாதிரி... ஆனா கோவம் இல்ல. உங்கப்பா ஆபீஸ்லேர்ந்து வந்து நேரா பேப்பரை எடுத்துண்டு உக்காந்தார்னா நேக்கு வருமே, அது. நம்மவா மேல மட்டும்தான் வரும். மத்தவா மேல வராது."

"அப்புறம் எப்படிப் போகும்?"

"தானா போகாது. அவாளே வந்து சமாதானம் பண்ணினாத்தான் போகும்."

மதுவந்தி அப்பாவின் அலமாரியைத் திறந்து பழைய தமிழ் அகராதியை எடுத்தாள். அபிமானம்: அன்பு, பற்று, மதிப்பு. வேறு சில அர்த்தங்களும் இருந்தன. அம்மா சொன்னது மட்டும் இல்லை.

தாத்தா காலத்தில் வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக ஒரு வங்காளிச் சொல் தமிழ்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வளைய வந்திருக்கிறது... ஒருவருக்கும் தெரியவில்லை. சரிபார்ப்பு என்றால், அவள் வங்காளியிலிருந்து தமிழில் எழுதியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப வங்காளியில் எழுதி ஒப்பிட வேண்டும். அதைச் செய்த சமூகப் பணியாளர் கீதாஞ்சலியும் இதே ஊரில் பிறந்த தமிழ்ப்பெண். ஒரு எழுத்துக் கூடப் பிசகாமல் திருப்பிக் கொடுத்திருந்தாள். பிசகாமல் இருந்ததுதான் பிசகு.

மொத்தம் எட்டுத் தமிழ்க்காரர்கள். பாசத்தை எல்லாம் நோய் என்று எழுதி வைத்திருக்கிறாள்.

சொல்லாமல் இருந்தால் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. ஜனவரி வரை இன்னும் எட்டுப் புதன்கிழமைகள். அவன் கோபம் தணிந்து வருவான்... 'மதுவந்தி' என்று சொல்வான். சொல்லிவிட்டால் அத்தனையும் போகும். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் எழுதித் தலைமை டாக்டர் சந்தீப்பின் மேஜையில் வைத்தாள்.

அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார். தமிழ்த் தாள்கள் அத்தனையும் ரத்து. எட்டுப் பேரும் ஆராய்ச்சியிலிருந்து விலக வேண்டும். சாதாரண வெளிநோயாளிப் பிரிவில் வேறு டாக்டர் பார்ப்பார்.

இனி விதி குறுக்கே நிற்கவில்லை. அவனிடம் என்ன வேண்டுமானாலும் பேசலாம்... பேச அவன்தான் வரவில்லை. வெளிநோயாளிப் பிரிவில் அக்ஷராவிடம் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் கேட்டார்களாம். அவள் மறுபடியும் வாயை மூடிக்கொண்டாளாம். கீதாஞ்சலிதான் வந்து சொன்னாள். அன்று மதுவந்தி தன் அறையில், மறந்துபோன அந்தக் கறுப்புக் குடையைப் பார்த்தபடி அழுதாள்.

*

பூஜை முடிந்து மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட இருவரும் வந்தார்கள். அக்ஷரா இளைத்திருந்தாள். கையெழுத்தைப் போட்டுவிட்டு மதுவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஊர்ல உங்ககிட்ட மட்டும்தான் டாக்டர் நான் தமிழ்ல அழுதேன்," என்றாள். அப்புறம் தம்பியைப் பார்த்து, "நான் வெளியே இருக்கேன். நீ மெதுவா வா," என்று எழுந்து போனாள்.

கௌசிக் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். நிமிரவில்லை.

"ஊருக்கே மாற்றல் கேட்டேன். கிடைச்சிருச்சு. வெள்ளிக்கிழமை ரயில். அங்க சித்தி இருக்காங்க, பேச்சுக்கு ஆள் இருக்கு."

"நல்லது," என்றாள்.

"தப்பை நீங்களாவே போய்ச் சொன்னீங்கன்னு கீதாஞ்சலி சொன்னாங்க. சொல்லலைன்னா இங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காதாமே. அன்னைக்கு நான் பேசினது... அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நீங்க சொன்னது சரிதான். எனக்குத் தமிழ் தெரியாது."

அவன் பேனாவை மறுபடியும் எடுத்தான். படிவத்தின் அடியில் 'வேறு குறிப்பு ஏதேனும்' என்று ஒரு கட்டம் இருந்தது. யாரும் நிரப்பாத கட்டம். அதில் ஏதோ எழுதி அவள் பக்கம் தள்ளினான்.

'டாக்டர் மேல் எனக்கு அபிமானம் உண்டு.'

அவள் படித்தாள்... மறுபடியும் படித்தாள். எழுத்துகள் கலங்கின.

"எந்த ஊர் அபிமானம்?"

"தூத்துக்குடி," என்றான். "ஸ்டேஷன்ல பேப்பர் பொறுக்கினோமே... அன்னைக்கே வந்தது. அக்காவுக்காகத்தான் வாரேன்னு எனக்கே சொல்லிக்கிட்டு வந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மதுவந்தி பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள்.

"எனக்கும் உங்க மேல அபிமானம் இருக்கு," என்றாள். "ஆனா எங்க டாக்குரியா வீட்டு அபிமானம்."

அவன் முகம் வாடியது. "கோவமா?"

"கோவம் இல்ல. வெள்ளிக்கிழமை போறேன்னு சொல்றீங்க... இங்க வலிக்குது. எங்க அம்மா சொல்வா, இது நம்ம மனுஷங்க மேல மட்டும்தான் வரும். அன்னியர் மேல வரவே வராது."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அந்தத் தூக்கம் கெட்ட கண்கள் நிறைந்துவிட்டன.

"அது எப்பப் போகும்?"

"தானா போகாது. வந்து சமாதானம் பண்ணணும்."

"அக்கா சரியாகாம என்னால வர முடியாது மதுவந்தி. ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ..."

"தெரியும்." அவளை விட யாருக்குத் தெரியும். எத்தனை பேருடைய மாதங்களை அவள் தாளில் எண்ணியிருக்கிறாள். "உங்க அக்கா என்னைக்காவது தானா தலை வாரிக்கிட்டாங்கன்னா எனக்கு எழுதுங்க. அது வரைக்கும் இது இப்படியே இருக்கும். எனக்குச் சிரமம் இல்ல."

அவன் எழுந்தான். அவள் மூலையிலிருந்த கறுப்புக் குடையை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும். போயிட்டு வாரேன்," என்றவன், வாசலில் நின்று ஜன்னலைப் பார்த்தான். "வீட்டுக்குப் பார்த்துப் போங்க... மழை விழுது."

பெய்கிறது என்று திருத்த அவளுக்கு மனசு வரவில்லை.