தாளச் சத்தம்

"என்ற பாட்டை எதுக்கு மறைச்சுட்டு நிக்கறே? நவுரு அனு!"

ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பெனிக்கு விடுமுறை. தண்டாயுதபாணி நாதஸ்வர சிடியைப் போட்டுவிட்டு சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் மனைவி அனுசுயா வந்து நின்றிருந்தாள்.

"தோசைக்கு என்ன சட்னி அரைக்கட்டும்னு கேக்கத்தான் வந்தனுங்க…"

"அதை அடுப்படியில இருந்தே கேட்டா ஆகாதா? எப்பப் பாரு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கறது!"

அனுசுயா பதிலை விழுங்கிக்கொண்டு நகர்ந்தாள். சில மாதங்களாகவே இந்த வீட்டில் அவள் விழுங்கியது சோற்றைவிட அதிகம்.

எல்லாம் இந்த ஸ்டீரியோ செட் வந்த பிறகுதான். எக்ஸ்போர்ட் ஆர்டர் நன்றாக ஓடிய வருஷம். வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட் போட்டு, பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டும் மனிதர், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது இது ஒன்றுதான். வாங்கியதும் குறை ஆரம்பித்தது. நாதஸ்வரம் கேட்கிறது, தவில் கேட்கிறது, கூடவே தட்டும் ஜால்ராத் தாளம் மட்டும் கேட்கவில்லையாம். ஒயரை மாற்றினார். ஸ்பீக்கரை மூலைக்குத் தள்ளினார், திரும்பவும் இழுத்தார். சுவரில் துணி தொங்கினால் சத்தம் சுத்தமாகும் என்று யாரோ சொல்ல, ரிஜெக்ட் ஆன தடித்த பிளீஸ் பனியன் துணியைச் சுற்றிலும் தொங்கவிட்டார். வரவேற்பறை சாயப்பட்டறை மாதிரி ஆனதுதான் மிச்சம்.

கடைசியில் பழி அனுசுயாவின் தலையில் விழுந்தது. பக்கத்திலேயே ஷெட் என்பதால் பஞ்சுத் தூசி வீடெல்லாம் படியும். அவள் தினமும் துடைப்பாள். துடைத்துத் துடைத்தே, மேல் சத்தம் தருகிற சின்ன ட்வீட்டரைக் கெடுத்துவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டார்.

தூபம் போட ஆள் இல்லாமலா? குண்டடத்திலிருந்து வந்து தம்பியோடு தங்கிவிட்ட அக்கா செல்லாத்தாள் இருந்தாள். இன்றைக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தொடைக்கறப்போ கெட்டுச்சோ, வேணும்னே கெடுத்தாளோ! நீ பாட்டுக் கேக்கறது அவளுக்குப் பொறுக்கலே தம்பி. நான் பாத்துட்டுத்தான் இருக்கறேன். டீ கொண்டுபோற சாக்குல நேரத்துக்கு ஒருக்கா ஷெட்டுக்குப் போயி ஆளுங்களை அதட்டறா. ஊட்டையும் கம்பெனியையும் தன்ற கைக்குள்ள போட்டுக்கப் பாக்கறா!"

"நங்கையா… அப்படிச் சொல்லாதீங்க!" அனுசுயாவின் கண் நிறைந்துவிட்டது. கணவரின் அக்கா என்ற மரியாதை ஒருநாளும் குறைத்ததில்லை அவள்.

"அப்பறம் ஷெட்டுல உனக்கென்ன வேலை? சொல்லு!" என்றார் தண்டாயுதபாணி.

அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்குப் புதுப் பொட்டி வருது. இதுலயும் கை வெச்சே… மூலனூருக்கு உங்கம்மா ஊட்டுக்கே போயிரு!"

ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்காகத் தன்னைத் தாய் வீட்டுக்குப் போகச் சொன்னதை அனுசுயாவால் தாங்க முடியவில்லை. சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

பத்து மணிக்குமேல் முபாஷிர் வந்தார். சவுண்ட் சிஸ்டம் கடை வைத்திருப்பவர். புதுப் பெட்டிகளை இணைத்து அதே நாதஸ்வரத்தைப் போட்டார். தண்டாயுதபாணி கண்ணை மூடிக் கேட்டார். திறந்தார்.

"தாளம் இல்லியே பாய்!"

"நல்லா இருக்குதேண்ணா…"

தண்டாயுதபாணி எழுந்து, மேல் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகினார். செல்லாத்தாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"கொறைடா தம்பி! காது கிழியுது!"

முபாஷிர் வேறொரு சிடியைப் போட்டார். "இதுல விசில் மாதிரி சத்தம் வரும். மேல போயிட்டே இருக்கும். எல்லாரும் கையைத் தூக்கிக்கோங்க. கேக்கலேனா எறக்கிருங்க."

சத்தம் ஏறியது. தண்டாயுதபாணியின் கை சீக்கிரமே இறங்கியது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்த அனுசுயாவும் தன் கையை இறக்கினாள். அறுபதைத் தாண்டிய செல்லாத்தாளின் கை மட்டும் முபாஷிரின் கையோடு உயரத்திலேயே நின்றது.

"சிடி நின்னுபோச்சா?" என்றார் தண்டாயுதபாணி.

"ஓடுதுங்கண்ணா."

"அனு, உனக்குக் கேக்குதா?"

"இல்லீங்க… எனக்கும் கேக்கலீங்க."

"பொய்!" என்று கத்தினாள் செல்லாத்தாள். "பல்லு கூசற மாதிரி மூஞ்சியைச் சுளிக்கறா பாரு! கேட்டுட்டே கேக்கலேங்கறா! எதுக்குடீ இந்தப் பொய்யி?"

முபாஷிர் சிடியை நிறுத்தினார். "பொட்டியில கொறை இல்லீங்கண்ணா… பழசுலயும் இல்லே. காதை ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டுங்க."

அவர் விடைபெற்றுப் போனதும் தண்டாயுதபாணி மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அனுசுயா ஆமாம் என்று தலையசைத்தாள்.

"போன வருசம் ஒரு மெஷின்ல ஊசி ஒடஞ்சு துணியெல்லாம் கோடு விழுந்துச்சு. நீங்க பக்கத்துலயேதான் நின்னீங்க. சத்தம் மாறுனது உங்களுக்குத் தெரியலே. எனக்குப் பகீர்னு ஆயிருச்சுங்க. மெஷின் எரைச்சலுக்குள்ள ஒதட்டைப் பாத்தே பேசிப் பழகுனவரு நீங்க. அதனால உங்களுக்கே தெரியாமப் போச்சு."

"அதுக்குத்தான்… மூஞ்சிக்கு நேரா வந்து நின்னியா?"

"ஆமாங்க. பொறத்தால இருந்து பேசுனா நீங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லுவீங்க. ஆளுங்க சிரிப்பாங்க. ஊசி ஒடஞ்சதை வாசல்ல நின்னு காதால கேட்டே சொல்ற மாஸ்டர்னு ஊருக்குள்ள உங்களுக்குப் பேரு. அந்தப் பேரை என்ற வாயாலயே கெடுக்கறதா? அதுக்குத்தான் டீ சாக்குல போயி நானே துணியைப் பாத்தேன். ஏதாச்சும் இருந்தா, மொதலாளி சொன்னாருனு சொல்லி மெஷினை நிறுத்தச் சொல்லுவேன்."

கல்யாணத்துக்கு முன்பு அனுசுயா ஒரு பனியன் கம்பெனியில், துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தவள். இந்த வீட்டில் அது யாருக்கும் நினைவே இல்லை.

செல்லாத்தாள் தடுமாறி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அம்மிணி… என்ற நாக்கு அழுகிப் போக! நான் என்னென்ன பேசிட்டேன்!"

"வலிச்சுதுங்க நங்கையா. இல்லேனு சொல்ல மாட்டேன்," என்று அவள் தோளில் விம்மினாள் அனுசுயா. பிறகு கணவரைப் பார்த்தாள். "மூலனூர் போகச் சொன்னீங்களே… அது அதைவிட வலிச்சுது."

தண்டாயுதபாணி வெளியே போய் வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. மனிதர் இதையும் மறைத்துவிடுவார் என்றே அனுசுயா நினைத்தாள். மறைத்தால் தானும் துணை நிற்பது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்கியதும் அவளை ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்தவுடன் மெயின் சுவிட்சை அணைத்தார். எல்லா மெஷினும் நின்றன. தெற்கத்தி ஆட்களும் வடக்கத்திப் பையன்களும் என்னமோ ஏதோ என்று திரும்பினார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க!" அவருக்கு இருந்த பதற்றத்தில் குரல் தேவைக்குமேல் உரத்து வந்தது. "எனக்குக் காது மந்தமாயிருச்சு. ஊசி ஒடஞ்சா இப்பத் தெரியறதில்லே. ஒரு வருசமா இந்தக் கம்பெனித் துணியைக் காப்பாத்துனது நானில்லே… இவங்க! இனி இவங்க நிறுத்துன்னா மெஷினை நிறுத்தோணும். இன்னிக்கு நாங்க கோயமுத்தூருக்குக் காது டாக்டர்கிட்டப் போறோம்."

கல்யாணமான நாளிலிருந்து 'அவ', 'இவ' என்றே சொல்லிவந்த மனிதர் அவர். அத்தனை பேர் முன்னாலும் 'இவங்க' என்றது அனுசுயாவுக்கு ஒரு கணம் வேறு யாரையோ சொன்ன மாதிரி இருந்தது. புரிந்ததும் பக்கத்தில் இருந்த துணி ரோலின் மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.